சித்திரைக்கு நேர் கீழே

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் வான்காட்சிப் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். டெலஸ்கோப்பை எப்படி நிறுத்துவது, எந்த லென்ஸ் எதற்கு என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நாலு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. வரிசையில் வருகிறவர் குனிந்து கண்ணை வைத்ததும் நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்களே, "தெரியுதா?" என்று, அதைப் பற்றி.

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் சுருக்கமாகவா வரும்?

நம் ஊரில் "தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்றுதான் பதில் வரும். பின்னால் கூட்டம் நிற்கிறது. முன்னால் நின்றவர் "ஆஹா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தனக்கு மட்டும் தெரியவில்லை என்று சொன்னால் தான்தான் மக்கு என்று ஆகிவிடுமோ என்ற பயம். போதாததற்கு, வெயிலில் வந்து மேசை நாற்காலி தூக்கிப் போட்டு மெனக்கெட்டுக் காட்டுகிறவர்களின் மனம் நோகக் கூடாதே என்ற நல்ல குணம் வேறு. சின்னக் குழந்தைகளைத் தவிர எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒருவர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் வேண்டாம். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய அலுவலகத்தின் மாடியில் நிகழ்ச்சி. ஒரு பெரிய மனிதர் வந்தார், கூடவே பரிவாரம். நேராக டெலஸ்கோப்புக்குப் போய்க் குனிந்தார். "பிரமாதம், பிரமாதம்" என்றார். முன்பக்கத்து மூடியை நாங்கள் இன்னும் கழற்றவே இல்லை. சிரித்தால் அந்த மனிதர் அவ்வளவு பேர் முன்னால் குறுகிப் போவார். சும்மா இருந்தாலோ, சனி கிரகத்தை ஒரு நாளும் பார்க்காமல் பார்த்ததாக நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். என் நண்பர் மெதுவாக முன்னால் போய் மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சார், இப்பதான் சரியா செட் பண்ணியிருக்கேன். இன்னும் நல்லா இருக்கும், இன்னொரு தடவை பாருங்க" என்றார். அவர் பார்த்தார். இந்த முறை பிரமாதம் என்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் தலையை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் நண்பர் கேள்வியை மாற்றிக்கொண்டார். "தெரியுதா?" என்று கேட்பதை நிறுத்தினார். "என்ன தெரியுது?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அந்தக் கேள்வி ஒரு மனிதரின் வீட்டுக்குள் வரைக்கும் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்திரை நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும். மே மாதக் கடைசியில், சாப்பாட்டு நேரம் ஆகும்போது, தெற்குப் பக்கம் நல்ல உயரத்தில் வெள்ளையாக நிற்கும். அங்கிருந்து நேர் கீழே கோடு போட்ட மாதிரி கண்ணை இறக்கிக்கொண்டே வாருங்கள். தொடுவானத்துக்கும் தலை உச்சிக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒமேகா சென்டாரி இருக்கிறது. கோளக் கொத்து என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரண்டு நிற்கிற கூட்டம். லண்டன்காரர்களுக்கு ஆயுசுக்கும் அவர்கள் ஊரிலிருந்து கிடைக்காது. நமக்கு அடையாறு மொட்டை மாடியிலேயே கிடைக்கிறது. ஆனால் சென்னை வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. டெலஸ்கோப்பிலும் நிலாவைப் போல வந்து முகத்தில் அடிக்காது. மங்கலாக, வட்டமாக, பொடிப்பொடியாக இருக்கும். நேராக முறைத்தால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளி ஓரக்கண்ணால் பார்த்தால் மேலே எழும்பி வரும். மங்கலான வெளிச்சத்தைப் பிடிப்பது கண்ணின் ஓரம்தான் என்பதால் அப்படி.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் நம்முடைய கையால் தள்ளுகிற டெலஸ்கோப்பில் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. அதனால் கொத்தை நடுவில் வைக்க மாட்டோம். கண்ணை வைத்தால் தெரிகிற வட்டத்தின் ஒரு ஓரத்தில் வைத்துவிடுவோம். அது தானாக மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்து மறு ஓரம் போய்ச் சேருவதற்குள் நாலைந்து பேர் பார்த்துவிடலாம். பிறகு மறுபடி தள்ளி ஓரத்தில் வைக்க வேண்டும். அன்று மாலை எனக்கு உண்மையைச் சொன்னது இந்தச் சின்ன வழக்கம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால், அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடி. கோடை விடுமுறையின் கடைசி வாரம். பள்ளிக்காரர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். மூன்றாம் பிறை மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் எல்லோருக்கும் அதைக் காட்டினோம்.

அந்த வரிசையில் ஒரு குடும்பம் வந்தது. தி. நகரில் ரெடிமேட் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். கூட மனைவி, மகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு வெகு காலம் ஆகிறதாம். பேச்சில் ஊர் வாசம் போகவில்லை. மகளின் பெயர் உமா. தேனாம்பேட்டையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். பாலவாக்கத்தில் வீடு, கடையிலிருந்து திரும்புகிற வழியில் மனைவியையும் மகளையும் வரச் சொல்லி, மூவருமாக மாடி ஏறியிருந்தார்கள்.

கடைக்காரருக்குப் பிறையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு பள்ளத்தின் ஓரத்தில் விழுந்திருந்த நிழலைக் கண்டுபிடித்து, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தானே கணக்குப் போட்டுச் சொன்னார். இவ்வளவு கூர்மையாகப் பார்ப்பவர்கள் அபூர்வம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்ததாகக் கோளக் கொத்து காட்டப்போகிறேன், கண்டிப்பாக நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்று நானே அழைத்தேன்.

விளக்குகளை அணைக்கச் சொன்னோம். மாடியின் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும். யாரும் தடுக்கிவிடக் கூடாது என்று நம் வழக்கப்படி அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றியிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் தாண்டி வந்தார்கள். கடைக்காரர் மட்டும் தடுக்கிவிட்டார். விழவில்லை, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் அவருக்கு அரை அடி முன்னால்தான் நடந்துகொண்டிருந்தார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி முதலில் பார்த்தார். "என்ன தெரியுதும்மா?" என்று கேட்டேன். "சீனியைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார். அழகாகச் சொன்னார். அடுத்து உமா பார்த்தாள், கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி என்றாள். அதற்குள் கொத்து மறு ஓரத்துக்குப் போயிருந்தது. நான் தள்ளி, மறுபடியும் ஆரம்ப ஓரத்தில் வைத்துவிட்டு விலகினேன்.

கடைக்காரர் குனிந்தார். கொஞ்சம் பார்த்தார். "நல்லா தெரியுதும்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"என்ன தெரியுது சார்?"

"சீனிதான். சீனி கொட்டுன மாதிரி."

மனைவி சொன்ன அதே வார்த்தை. அதில் தப்பில்லை, பலரும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் பிறையைப் பார்த்தபோது தானாகப் பேசியவர் இப்போது இன்னொருவர் வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறாரே என்று என்னவோ பட்டது. வட்டத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "நடுவுல இருக்கு" என்றார். தயங்கவே இல்லை.

நான் குனிந்து பார்த்தேன். கொத்து ஓரத்தில்தான் இருந்தது. நடுவில் வெறும் இருட்டு.

இந்த இடத்தில் உங்களில் பலர், பாவம், சங்கடப்படுகிறார் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன், கீழே அவருடைய கார் நிற்காமல் இருந்திருந்தால். சற்று முன்தான் உமாவிடம் யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டிருந்தேன். ராத்திரி நேரம் ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் அப்பாதான் ஓட்டுவார், எனக்கு லைசென்ஸ் இருந்தும் சாவியைக் கண்ணில் காட்ட மாட்டார் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

பிறையின் நிழலைக்கூடப் பார்க்கிற கண். வெள்ளைத் துணி சுற்றிய குழாய் தெரியாத கண். ஓரத்தில் இருக்கிற கொத்து தெரியாத கண். வெளிச்சம் இருந்தால் எல்லாம் தெரிகிறது, வெளிச்சம் குறைந்தால் எதுவும் தெரியவில்லை. நம் பெரியவர்கள் மாலைக்கண் என்று சொல்வார்களே, அந்த வார்த்தை எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் நான் டாக்டர் இல்லை. கடையிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது அவருக்கு. அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் இருட்டுக்குப் பழகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நான் வீணாக ஒரு மனிதரைப் பயமுறுத்துகிறேன்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்தார். "மேடம், அந்தாண்ட மேகம் ஏறிக்கினு வருது. சீக்கிரம் காட்டி அனுப்புங்க" என்றார். பள்ளிப் பொறுப்பாளரும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. நியாயமாக நான் செய்ய வேண்டியது அடுத்தவரைக் கூப்பிடுவது. பக்கத்து டெலஸ்கோப்பில் நின்ற என் நண்பரிடம் என்னுடையதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் உடனே வரிசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். கண் இருட்டுக்குப் பழகினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றேன். அது பொய் இல்லை. அவரும் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு அந்த அவகாசமே அதிகம். எனக்கு அதற்குள் மாடியில் எல்லோருடைய முகமும் தெரிய ஆரம்பித்திருந்தது. பிறகு அவரை மெதுவாக அழைத்துப்போய், ஓரமாக வைத்திருந்த சின்ன டெலஸ்கோப்பில் அதே கொத்தைப் பார்க்கவைத்தேன். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள் என்றேன்.

அவர் தலையை எடுக்காமலேயே சொன்னார். "ஓரத்துல ஒண்ணும் கிடையாதும்மா எனக்கு. நேரா பாக்கறது மட்டும்தான்."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கொஞ்ச காலமாகவே என்றார். பகலில் ஒரு குறையும் இல்லையாம். கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் சட்டைத் துணியின் இழை வரைக்கும் தெரியுமாம். சாயங்காலம் ஆனால்தான் சுற்றிலும் அடைத்துக்கொண்டு வருமாம். அப்படியானால் ராத்திரி வண்டி எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"முன்னால போற வண்டியோட சிவப்பு லைட்டு இருக்குல்லா, அதப் பிடிச்சுக்கிட்டே போயிருவேன். அவன் திரும்பிட்டான்னா அடுத்தவன் வர்ற வரைக்கும் மெல்லப் போவேன். நம்ம ரோடுதான, பழகிட்டு."

ஈ.சி.ஆரில் ராத்திரி குறுக்கே நடந்து போகிறவர்கள், விளக்கில்லாத சைக்கிள்கள், எல்லாம் கண் முன்னால் வந்தன. அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகும் இரண்டு பெண்களும் வந்தார்கள்.

நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "சார், உங்க கண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா இன்னைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது. வீட்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் நிமிர்ந்துவிட்டார். "நட்சத்திரம் காட்ட வந்தீங்களா, எங் குடும்பத்துக்குள்ள நுழைய வந்தீங்களா?"

அவர் கேட்டது நியாயம்தான். முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், அரை மணி நேரப் பழக்கத்தில், உன் வீட்டாரிடம் உன்னைக் காட்டிக்கொடுப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டி மகளையும் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். குழாய் பக்கத்தில் வரும்போது உமா போனைப் பார்த்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "அப்பா, குழாய்" என்றாள். அவர் காலைத் தூக்கி வைத்தார். படி ஆரம்பிக்கும் இடத்தில் அந்த அம்மாள் வளையலைக் கைப்பிடிச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் கை அந்தச் சத்தத்துக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அவர் கௌரவத்தைக் காப்பாற்ற அவர்கள் மூவரும் சேர்ந்து கட்டிய வீட்டுக்குள்தான் நான் கல்லெறிந்திருந்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நிகழ்ச்சி நடக்கும்போது டெலஸ்கோப்பை விட்டுப் போகக் கூடாது என்பது நம் விதி. உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்று நான் அவர்கள் பின்னால் கீழே இறங்கிப் போனேன்.

பள்ளி வாசலில் வண்டி நின்றது. அவர் பழக்கப்படி ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டார். நான் கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றேன். பேசவில்லை. நான் அங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று மட்டும் தொண்டையைச் செருமினேன். அவர் வாய் திறக்காவிட்டால் நான் போய்ப் பேசியே தீருவேன் என்று முடிவு செய்திருந்தேன். அந்த மூடி கழற்றிய சாயங்காலத்தில் என் நண்பர் செய்த மாதிரி, அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கதவைப் பிடித்தபடி அவர் செருமல் வந்த பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு உமா பக்கம் சாவியை நீட்டினார்.

"ஏட்டி, நீ ஓட்டு. எனக்குக் கண்ணுல தூசி விழுந்துட்டு."

உமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தக் கண்ணில், எப்போது, ஊதிவிடட்டுமா, எதுவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தப் பக்கத்துக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அவர் கை தேடியது. தன் வண்டியில் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. மனைவி வந்து திறந்துவிட்டார். வண்டி கிளம்பியது. தூசி என்ற அந்தப் பொய்யை நான் அப்படியே விட்டுவிட்டேன். அன்றைய ராத்திரிக்கு அது போதும் என்று தோன்றியது. சரியா தப்பா என்று நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

மாடிக்குத் திரும்பும்போது மேகம் மூடியிருந்தது. பொறுப்பாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்க்காமல் திரும்பிப் போகிறவர்களில் ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்களும் உண்டு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சில வாரம் கழித்து உமா எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு என்னைத் தேடிப் பேசினாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தூசி போகவில்லையாம் அப்பாவுக்கு. பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரே சொல்லியிருக்கிறார், தட்டைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் விழித்திரையில் கோளாறு என்றாராம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி உள்ளே வரும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். குடும்பத்தில் வருகிற நோய் என்று உமாவையும் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அப்பா உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறார் மேடம் என்றாள். இருக்கட்டும் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இனி நான் இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

போன மாதம் அதே பள்ளிக்கூட மாடியில் நிகழ்ச்சி நடந்தது, உங்களில் சிலர் நடத்தினீர்கள். நான் விருந்தாளியாக வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூரிலிருந்து கிளம்பும்போதே சித்திரை தெளிவாக இருந்தது, நல்ல வானம். உங்களில் ஒருவர் ஒமேகா சென்டாரி காட்டிக்கொண்டிருந்தார். யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு "தெரியுதா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் "தெரியுது", "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அந்த வரிசையில் கடைக்காரர் வந்தார். கையில் வெள்ளைக் கோல். மறு கை உமாவின் தோளில். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. குனிந்து கண்ணை வைத்தார்.

"தெரியுதா சார்?"

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல" என்றார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்த மாடியில் அதற்கு முன் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஆள் அந்தக் கோலைப் பார்த்துவிட்டு, மனது இளகி, பரவாயில்லை சார் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்ததாக உமாவைப் பார்க்கச் சொன்னார். உமா குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"எனக்கும் தெரியல" என்றாள்.

தெரியாதுதான். கொத்து எப்போதோ வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டிருந்தது. எத்தனை பேர் வெறும் இருட்டைப் பார்த்து சூப்பர் சொன்னார்களோ. நடந்தது என்ன என்று வரிசைக்கே தெரிந்துபோயிற்று. பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஆள் டெலஸ்கோப்பை இங்கும் அங்கும் தள்ளித் தேடினார், பாவம். நான் எழுந்து போய் உதவி செய்தேன், டெலஸ்கோப்பைத் தள்ளிக் கொத்தைப் பிடித்து ஓரத்தில் வைத்தேன். என் குரல் கேட்டதும் கடைக்காரரின் முகம் என் பக்கம் திரும்பியது. "நீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசாவிட்டாலும் கோபம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடியும் பார்க்கிறீர்களா சார் என்று கேட்டேன். அவர் பார்த்தார். தெரியல என்றார், இந்த முறையும். அவருக்கு இனி ஒருபோதும் தெரியாது. அவர் விலகி, மகளை முன்னால் விட்டார்.

"என்ன தெரியுது?" என்று அவளிடம் கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

"சீனி மாதிரிதான் இருக்குப்பா. அம்மா சொன்ன மாதிரியே. ஓரத்துல இருக்கு."

"நடுவுக்கு வரலியா?"

"இன்னும் இல்ல. நகர்ந்துகிட்டு இருக்கு."

அவர் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெற்குப் பக்கம் முகத்தை வைத்து நின்றார். பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஆளும் சொல்லவில்லை, அதற்காக அவரை நான் மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

"இப்ப?"

"இப்ப வந்துடுச்சுப்பா" என்றாள் உமா. "நடுவுல இருக்கு."